மூணு இலை விடட்டும்

இந்த ஆடியில் முதன்முதலாகப் பாத்தி கட்டி விதை போட்ட எல்லோருக்கும்,



உங்களில் பெரும்பாலோரை எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு உங்கள் பாத்தி எப்படி இருக்கும் என்று தெரியும். பதினெட்டாம் பெருக்கை ஒட்டி விதை போட்டிருப்பீர்கள். ஒரு மழையோ, நாலு நாள் பூவாளித் தண்ணீரோ கண்டதும் மண் முழுக்கப் பச்சைப் புள்ளி வைத்திருக்கும். போட்டது நாற்பது வெண்டை விதை, முளைத்திருப்பது நானூறு. இதில் நம்முடையது எது என்று தெரியாமல் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. எதையாவது பிடுங்கச் சொல்லும். அதற்கு முன்பு இந்த மடலைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தம்பி, வேலை முடித்து வந்து செல்போன் வெளிச்சத்தில் களை எடுத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாத்தியைத் துடைத்து வைத்த மாதிரி ஆக்கிவிட்டார். காலையில் குவியலைக் கிளறிப் பார்த்தால் அதில் பாதி கத்தரி நாற்று. இன்னொரு வீட்டுப் பெண், தானாக முளைத்த ஒரு செடியைச் சாமந்தி என்று நம்பி, ஒரு மாதம் தண்ணீரும் மண்புழு உரமும் கொடுத்து வளர்த்தார். வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூ பூத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தீனியம். இரண்டு பேருமே அக்கறையாகத்தான் உழைத்தார்கள். எதிரில் நிற்பது யார் என்று மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் ஒன்று. பாத்தியில் களை முளைத்தது உங்கள் தவறால் அல்ல. எந்த மண்ணும் வெறும் மண்ணாக இருப்பதில்லை. நாலைந்து வருஷத்துக்கு முன் அங்கே பூத்து உதிர்ந்த செடிகளின் விதை உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். நீங்கள் மண்வெட்டியால் புரட்டியபோது அடியில் கிடந்தது மேலே வந்து வெயிலைக் கண்டது. சரியாக மட்காத தொழுவுரம் போட்டிருந்தால், மாடு தின்ற புல்லின் விதையும் அதோடு வந்திருக்கும்.

இந்த உறக்கம் எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு ஓர் ஆச்சரியமான சோதனை நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர், 1879இல் களை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் போட்டுப் புதைத்தார். குறித்த ஆண்டுகளில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து விதைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் காலம் முடிந்தும் அவருக்குப் பின் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். 2021இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. 141 வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த விதைகள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாத்தியைக் களையே இல்லாததாக ஆக்கிவிடலாம் என்ற எண்ணத்தை இதைப் படித்தபோதுதான் நான் விட்டேன். நம்மால் முடிந்தது, நம் பயிர் குழந்தையாக இருக்கும்போது அதன் பங்குத் தண்ணீரும் வெளிச்சமும் பறிபோகாமல் பார்த்துக்கொள்வது.

சரி, குழந்தையை எப்படி அடையாளம் காண்பது?

நம் ஊரில் பிள்ளைகளைத் திட்டும்போது, முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ள பேச்சைப் பாரு என்பார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்குக் களை எடுத்த என் அம்மாவின் வாயில் அது திட்டு மட்டுமாக இருக்கவில்லை, தொழில் விதியாகவும் இருந்தது. “மூணு இலை விடட்டும், அப்புறம் கை வை” என்பார். முளைத்ததும் விரிகிற முதல் இரண்டும் விதையிலைகள். விதைக்குள் மடிந்திருந்தவை அவை. நூறு செடிகளுக்கு அவை ஒரே சாடையில் இருக்கும். அவற்றுக்கு நடுவிலிருந்து வருகிற அடுத்த இலைதான் செடி தன் சொந்த முகத்தைக் காட்டுகிற இலை. அது விரியும் வரை பொறுங்கள். முளைத்த நாளிலிருந்து ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குள் எந்தக் களையும் உங்கள் பயிரைத் தின்றுவிடாது.

அதுவரை கண்ணுக்குச் சில பிடிமானங்கள் தருகிறேன்.

விதை பெரிதானால் விதையிலையும் பெரிது. பீர்க்கு, புடலை, சுரை, தட்டைப்பயறு எல்லாம் தடித்த விதையிலையோடு மண்ணை முட்டித் தூக்கிக்கொண்டு வரும். அந்தப் பருமனில் களை முளைப்பது அரிது. வெண்டை நாலைந்து நாளில் வட்டமான, கனத்த இரண்டு இலையோடு நிமிர்ந்துவிடும். மூன்றாம் இலை அகலமாக, ஓரத்தில் பல் வைத்து வரும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். விதையிலையில் மூன்றும் ஒல்லியாக, கூராக, அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தக்காளியின் மூன்றாம் இலை வெட்டுப்பட்டிருக்கும். விரலால் தேய்த்தால் தக்காளி வாசனை அப்போதே வரும். கத்தரியின் மூன்றாம் இலையில் பூனைமுடி மாதிரி மென்மையான சுணை இருக்கும். மிளகாய் வழவழப்பாக மின்னும். மிளகாய் முளைக்கவே ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும் என்பதால், மூன்றாம் நாளே அந்த இடத்தில் தலைகாட்டுவது மிளகாய் இல்லை.

கொத்தமல்லியும் தாமதக்காரன்தான். புல்லோ என்று நினைக்கிற மாதிரி நீளமான இரண்டு விதையிலை விடும். பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மல்லி முளைக்கவே இல்லை என்று விதை விற்றவரைக் குறை சொல்கிறார்கள். அடுத்து வருகிற விசிறி இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை போட்டவர்களுக்குத்தான் கஷ்டம். தானாக முளைக்கிற குப்பைக்கீரையும் அதே இனம். சின்ன வயசில் பிரித்துச் சொல்ல என்னாலும் முடிவதில்லை. பாதகமில்லை, அதுவும் கீரைதான், சேர்த்தே கடைந்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட எளிதான வழி ஒன்று உண்டு. அடுத்த முறை பாத்தியில் விதைக்கிற அன்றே, ஒவ்வொரு விதையிலும் நாலைந்தை எடுத்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய சின்னத் தொட்டிகளில் தனியாகப் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். அதில் பெரும்பாலும் களை வராது. பாத்தியில் சந்தேகம் வந்தால் தொட்டியைக் கொண்டுபோய் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாத்தியிலும் விதையைத் தூவாமல், கயிறு பிடித்து வரிசையாகப் போடுங்கள். வரிசையில் நிற்பது பயிர், வரிசைக்கு வெளியே நிற்பது விருந்தாளி. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பொறுங்கள் என்றேனே தவிர, விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்பது அனுபவித்தவர்கள் சொன்ன சொல். பெரும்பாலான காய்கறிகளுக்கு முதல் முப்பது, நாற்பது நாள்தான் கண்டம். அந்த நாட்களில் களையோடு மல்லுக்கட்ட அவற்றுக்குத் தெம்பு கிடையாது. பதினைந்தாம் நாள் வாக்கில் ஒரு கை, முப்பதாம் நாள் வாக்கில் ஒரு கை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, ஈரம் இருக்கும்போது, அடித்தண்டைப் பிடித்து இழுங்கள். பயிரை ஒட்டிக்கொண்டு முளைத்த களையை இழுத்தால் பயிரின் வேரும் சேர்ந்து ஆடும். அதைக் கத்தரிக்கோலால் தரையோடு நறுக்குங்கள். செடி ஒரு சாண் உயர்ந்த பிறகு, காய்ந்த இலைச்சருகை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டு, தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். வெளிச்சம் கிடைக்காத விதை எழுந்திருக்காது.

தைப்பட்டத்துக்கு இன்னொரு உபாயம். பாத்தி கட்டி, விதை போடாமல் பத்து நாள் தண்ணீர் மட்டும் விடுங்கள். மேலாக இருக்கும் களை விதை முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆழமாகக் கிளறாமல் மேல்வாக்கில் செதுக்கி எடுத்துவிட்டு, பிறகு விதையுங்கள்.

இனி, கண்டதும் எடுக்க வேண்டிய இரண்டு.

முதலாவது, அந்தப் பெண் சாமந்தி என்று வளர்த்த பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய செடி. இளசில் கேரட் இலை மாதிரி ஆழமாக வெட்டுப்பட்டு, தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்கும். பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, நம் பப்பாளித் தோட்டங்களையும் மல்பெரியையும் மரவள்ளியையும் நாசமாக்கிய மாவுப்பூச்சிக்கு இதுவும் ஒரு புகலிடமாக இருந்தது. கையில் உறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு, பூக்கும் முன்னால் வேரோடு எடுங்கள். பூத்துவிட்டதை எருக்குழியில் போடவே போடாதீர்கள்.

இரண்டாவது, கோரை. தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தெரியும். உலகத்தின் மிக மோசமான களைகளைத் தொகுத்து 1977இல் வந்த ஆய்வு நூலில் முதலிடம் இதற்குத்தான். மேலே நாலு இலை, அடியில் கிழங்குச் சங்கிலி. வெடுக்கென்று இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளே நின்று இரண்டாக முளைக்கும். ஈர மண்ணில் களைக்கொத்தை ஆழமாக விட்டு, கிழங்கோடு கெல்லி எடுங்கள். மிச்சம் முளைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுங்கள். இலை விட்டு விட்டுக் கிழங்கின் இருப்பு தீரும். நிழலையும் அது தாங்காது, பயிர் அடர்ந்து மூடினால் சோர்ந்துவிடும். எடுத்த கிழங்கை எறிந்துவிடாதீர்கள். கழுவிக் காயவைத்தால் வாசனையாக இருக்கும், குளியல் பொடிக்கு அரைக்கலாம்.

அதே நூலில் இரண்டாவது இடம் அருகம்புல்லுக்கு. அதைத்தான் ஆவணியில் பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோம். பாத்திக்குள் வந்தால் அது பயிருக்குத் தண்ணீர் விடாது, ஆகவே கணுவோடு எடுத்துவிடுங்கள். ஒரு பிடியைத் தனியாக ஒரு தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செடியும் பிறவியிலேயே களையாக இருப்பதில்லை, நின்ற இடம்தான் அதைக் களையாக்குகிறது. அப்படி நான் வைத்திருக்கும் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆகவே மற்றவற்றை எறியும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தரையோடு படர்ந்து, செந்தண்டும் சதைப்பற்றான சின்ன இலையுமாக இருந்தால் அது பருப்புக்கீரை. பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் இளம் புளிப்போடு இருக்கும். ஆனால் கிள்ளிப் பார்த்துப் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை, அம்மான் பச்சரிசி இனம், சமையலுக்குச் சேர்க்காதீர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய்ச் செடி மாதிரி வளர்ந்து வெள்ளைப் பூ பூப்பது மணத்தக்காளியாக இருக்கலாம். அதைப் பெயர்த்து ஓரத்தில் நடுங்கள். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் ஒரு காலத்தில் மானாவாரிக் காட்டில் களை எடுக்கப் போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த இரவுக் குழம்பு. சாக்கடைத் தண்ணீர் பாயும் இடத்தில் வளர்ந்ததை மட்டும் தொடாதீர்கள். நன்றாக அடையாளம் தெரிந்த ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும் வரை எதையும் உண்ணவும் வேண்டாம். கீழாநெல்லி கிடைத்துவிட்டது என்று நீங்களே வைத்தியமும் ஆரம்பிக்க வேண்டாம்.

உண்ண முடியாதவற்றுக்கும் வீட்டு ஓரத்தில் இடம் கொடுங்கள். தும்பை பூத்தால் தேனீ வரும். வெட்டுக்காயப் பூண்டு பூத்தால் வண்ணத்துப்பூச்சி வரும். உங்கள் பூசணிப் பூவுக்கு மகரந்தம் சேர்க்க வரவேண்டியவை தேனீக்கள்தானே. குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டால், அதன் வேரைத் தேடி அக்கம்பக்கத்துப் பூனை எல்லாம் வந்து புரளும். பூனைவணங்கி என்று ஒரு பெயரே அதற்கு உண்டு. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆனால் வெண்டைக்குப் பக்கத்தில் களையை அடரவிடாதீர்கள். வெள்ளை ஈ அதில் தங்கி, வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமலைக் கொண்டுவரும்.

இனி நான் கைகூப்பிக் கேட்கிற ஒன்று. வீட்டுப் பாத்திக்குக் களைக்கொல்லி வாங்காதீர்கள். கிளைபோசேட்டுக்குப் பயிரும் தெரியாது, களையும் தெரியாது, பச்சையாக இருப்பது எல்லாம் அதற்கு ஒன்றுதான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதைச் சேர்த்தது. பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நம் மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லி இன்னும் கொடியது. வாய்க்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பிள்ளைகள் ஓடுகிற, நாய் படுக்கிற, நாளைக்கு நீங்களே கீரை கிள்ளப்போகிற மூன்று அடி மண்ணில் இதற்கு என்ன வேலை? உப்பையும் வினிகரையும் கலந்து தெளிக்கச் சொல்கிற வீடியோக்களையும் நம்ப வேண்டாம். களை காயும், உப்பு மண்ணிலேயே தங்கும், அடுத்து நீங்கள் போடுகிற விதையும் காயும்.

கடைசியாக என் அம்மாவைப் பற்றி.

காலையில் எட்டுப் பேர் நிரை பிடித்து வெங்காயக் காட்டில் இறங்குவார்கள். சின்ன வெங்காயத் தாளும் கோரையும் தூரத்துக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பேசிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், ஒரு தாள் முறியாமல், கோரையை மட்டும் கெல்லிக்கொண்டு போவார்கள். வரப்பில் இருக்கிற எனக்குக் கையில் கிடைத்த முளை ஒன்றை நீட்டி, “இது யாரு, சொல்லு” என்பார் அம்மா. ‘என்ன’ என்று அவர் கேட்டதே இல்லை. எனக்கு எழுத்துத் தெரியும் முன் இருபது முப்பது செடிகளைத் தெரிந்தது அப்படித்தான். அந்த வேலைக்குப் பெண்கள் வேலை என்று பெயர் வைத்து, ஆண்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலி கொடுத்தார்கள். இலையின் சாடையையும் வாசனையையும் வேரின் பிடியையும் வைத்து ஆள் சொல்கிற அந்த அறிவுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் போகப்போக, பெயர்களும் கூடவே போய்க்கொண்டிருக்கின்றன. பெயர் தெரியாத செடி நம் கண்ணுக்கு வெறும் களை. அதைக் கொல்ல மருந்துப் புட்டி கடையில் தயாராக இருக்கிறது.

அதனால் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். பாத்தியின் ஒரு மூலையில் ஓர் அடிக்கு ஓர் அடி, கயிறு கட்டி விட்டுவையுங்கள். பார்த்தீனியத்தையும் கோரையையும் தவிர வேறு எதையும் அங்கே பிடுங்காதீர்கள். முளைப்பது எல்லாம் வளர்ந்து பூக்கட்டும். விதை கட்டும் முன் அறுத்துவிடலாம். வாரம் ஒருமுறை அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். விதையிலையில் பார்த்தது பூவில் யாராக நிற்கிறது என்று ஒரு பருவம் முழுக்கப் பார்த்தால், அடுத்த பருவத்தில் உங்கள் கைக்குத் தானே தெரிந்துவிடும்.

மற்றொன்று, உங்கள் வீட்டிலோ தெருவிலோ வயலில் களை எடுத்த ஓர் அம்மா, ஓர் அப்பத்தா நிச்சயம் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு, பாத்தியோரம் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். வேலை சொல்வதற்காகக் கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு முளையாகக் காட்டி, இது யாரு என்று கேளுங்கள். அவர் சொல்கிற பெயரை, அவர் சொல்கிற உச்சரிப்பிலேயே எழுதி வையுங்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளையும் இருக்கட்டும்.

அதுவரை, மூணு இலை விடட்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வீட்டுத் தோட்டக்காரி